விலையைச் சொல்வது யார்? மரவள்ளிக் கிழங்கு சொல்லும் வியாபாரக் கதை

நாளைக்கு வீட்டில் விசேஷம். பாயசம் வைக்க வேண்டும். டப்பாவைத் திறந்து பார்த்தால் ஜவ்வரிசி இல்லை!

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில், களமருதூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர் மளிகைக் கடையில் ஓர் அம்மாள் போய் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"அரைக் கிலோ ஜவ்வரிசி கொடுங்கண்ணே."

கடைக்காரர் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறார். விலையைச் சொல்கிறார். அம்மாளுக்குத் திகைப்பு.

"என்னண்ணே, போன மாசம் இந்த விலை இல்லையே!"

"நான் என்னம்மா செய்ய? மொத்தக் கடையில் எனக்கு ஏத்திட்டாங்க. ஏன்னு கேட்டா, சேலத்திலேயே ஏறிப்போச்சுன்னு சொல்றாங்க."

அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார்.

அதே நாளில், மேற்கே கல்வராயன் மலையில் ஒரு விவசாயி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "கிழங்கு விலை இறங்கிப் போச்சே!" என்பது அவர் கவலை.

கடையில் விலை ஏறுகிறது. காட்டில் விலை இறங்குகிறது. இப்படியும் நடப்பது உண்டு!

ஜவ்வரிசி எதிலிருந்து வருகிறது? அந்தக் கிழங்கில் இருந்துதான். அப்படியானால் நடுவில் என்ன நடக்கிறது? விலையைச் சொல்வது யார்?

வாருங்கள், ஜவ்வரிசி வந்த வழியே நாமும் போய்ப் பார்ப்போம்.

ஜாவா அரிசி

ஜவ்வரிசி என்பது அரிசி அல்ல. செடியில் காய்ப்பதும் அல்ல. மனிதன் உருட்டிச் செய்த மணி அது.

முன்காலத்தில் ஜாவா, மலேயா பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது. அங்கே சேகோ என்று ஒரு பனை மரம் உண்டு. அதன் தண்டுக்குள் இருக்கும் மாவை எடுத்து மணியாக உருட்டினார்கள். ஜாவாவில் இருந்து வந்த அரிசி, "ஜாவா அரிசி". அதுவே நம் வாயில் "ஜவ்வரிசி" ஆயிற்று என்பார்கள்.

1942-ல் என்ன ஆயிற்று? இரண்டாவது உலகப் போர். மலேயாவையும் ஜாவாவையும் ஜப்பான் பிடித்துக்கொண்டது. கப்பல் நின்றது. ஜவ்வரிசியும் நின்றது.

அப்போது சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்று ஒரு வியாபாரி இருந்தார். கருவாட்டு வியாபாரத்துக்காக அடிக்கடி மலையாளக் கரைக்குப் போய் வருவார். அங்கே மரவள்ளிக் கிழங்கு மாவு அவர் கண்ணில் பட்டது. "இந்த மாவை நம் ஊரில் விற்கலாமே" என்று நினைத்தார். பினாங்கில் இருந்து வந்த பொபட்லால் ஷா என்பவருக்கு ஜவ்வரிசி செய்யும் முறை தெரிந்திருந்தது. இருவரும் சேர்ந்தார்கள். 1943-ல் சேலத்தில் குடிசைத் தொழிலாக ஜவ்வரிசி பிறந்தது.

பனை மரத்துக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு! கப்பலில் வந்த சரக்கு, மாட்டு வண்டியில் வரத் தொடங்கியது.

இன்று இந்தியாவின் ஜவ்வரிசி என்றாலே சேலம்தான். சேலம், நாமக்கல், தர்மபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் மரவள்ளி பெருவாரியாகப் பயிராகிறது. 2023-ல் "சேலம் ஜவ்வரிசி" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

கிழங்கு மணியாவது எப்படி?

கிழங்கைக் கழுவித் தோலை நீக்குகிறார்கள். எந்திரத்தில் அரைக்கிறார்கள். பால் போல ஒரு நீர் வருகிறது. அதை வடிகட்டித் தொட்டியில் விடுகிறார்கள். மாவு அடியில் தங்குகிறது. அந்த ஈர மாவைக் குலுக்கிக் குலுக்கி உருட்டினால் சின்னச் சின்ன மணிகள். அவற்றைச் சல்லடையில் சலித்து, வறுத்து அல்லது ஆவியில் வேகவைத்து, வெயிலில் காயவைத்தால் ஜவ்வரிசி!

ஒரு கிலோ ஜவ்வரிசிக்கு ஏறக்குறைய நாலைந்து கிலோ கிழங்கு வேண்டும். மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அது மாட்டுத் தீவனமாகப் போகிறது. எதுவும் வீண் இல்லை.

மணியாக உருட்டாமல் மாவாகவே விற்பதும் உண்டு. அந்த மாவை வாங்குவது யார்? துணி ஆலைகள். நெசவுக்கு முன் பாவு நூலுக்குக் கஞ்சி போட வேண்டும் அல்லவா? காகித ஆலைகளும் பசை செய்பவர்களும் வாங்குகிறார்கள்.

எத்தனை கை?

இனி, கைகளை எண்ணுங்கள்.

மலையில் விவசாயி கிழங்கைப் பிடுங்குகிறார். அது ஒரு கை. தரகர் வந்து லாரி பேசி ஏற்றுகிறார். இரண்டு. ஆலைக்காரர் அரைத்து ஜவ்வரிசி ஆக்குகிறார். மூன்று. சேலத்து வியாபாரி வாங்கி வெளியூருக்கு அனுப்புகிறார். நான்கு. வெளியூர் மொத்த வியாபாரி ஐந்து. சில்லறைக் கடைக்காரர் ஆறு. ஏழாவது கை, பாயசம் கிண்டும் அம்மாளின் கை.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. சேலத்து ஜவ்வரிசியில் பெரும் பகுதி நம் ஊர்ப் பாயசத்துக்குப் போவதில்லை. வடக்கே போகிறது! மராட்டியம், குஜராத், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், வங்காளம்!

வடக்கே விரத நாள் என்றால் அரிசி, கோதுமை சாப்பிட மாட்டார்கள். ஜவ்வரிசியை ஊறவைத்து, வேர்க்கடலைப் பொடியும் உருளைக்கிழங்கும் சேர்த்துத் தாளித்துச் சாப்பிடுவார்கள். அதற்குச் "சாபுதானா கிச்சடி" என்று பெயர். சிவராத்திரி, நவராத்திரி, ஏகாதசி நெருங்கினால் அங்கே ஜவ்வரிசிக்கு ஏக கிராக்கி.

ஆக, புனாவில் ஓர் அம்மாள் விரதம் இருந்தால், சேலத்தில் மூட்டை நகர்கிறது. சேலத்தில் மூட்டை நகர்ந்தால், கல்வராயன் மலையில் கிழங்கு நகர்கிறது!

அந்தக் காலத்துத் தவிப்பு

1981-க்கு முன் ஆலைக்காரர் சரக்கை விற்றது எப்படி? வியாபாரியையும் கமிஷன் மண்டியையும் நம்பித்தான்.

ஒரு சிறிய ஆலையை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். கிழங்குக்குப் பணம் கொடுக்க வேண்டும். கையில் காசு இல்லை. 100 மூட்டை ஜவ்வரிசி மட்டும் இருக்கிறது. ஒரு மூட்டை 90 கிலோ.

வியாபாரி வருகிறார். ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறார். "இன்று மார்க்கெட் மந்தம். மூட்டைக்கு இவ்வளவுதான் தருவேன்" என்கிறார்.

வடக்கே உண்மையில் விலை என்ன? அது வியாபாரிக்குத் தெரியும். ஆலைக்காரருக்குத் தெரியாது. பக்கத்து ஆலைக்காரர் என்ன விலைக்கு விற்றார்? அதுவும் தெரியாது. சரக்கை வைத்துக் காத்திருக்கலாமா? சனிக்கிழமை கூலி காத்திருக்காது!

வேறு வழி? "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் ஆலைக்காரர். பணமும் உடனே வராது. கடனுக்குப் போன சரக்கின் பணம் எப்போது வருமோ!

இங்கே விலையைச் சொன்னவர் யார்? காத்திருக்க முடிந்தவர். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பது பழமொழி. வியாபாரத்தில் பொறுத்தவர் விலையை ஆள்வார்.

மூடிய சீட்டு

1981-ல் சேலத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. ஜவ்வரிசி ஆலைகளும் மாவு ஆலைகளும் அதில் உறுப்பினர்கள். நீளமான பெயரைச் சுருக்கி "சேகோசர்வ்" என்று அழைக்கிறார்கள். சேலத்தில் ஜாகீர் அம்மாபாளையத்தில் இருக்கிறது.

சங்கம் என்ன செய்கிறது?

ஆலைக்காரர் மூட்டைகளைச் சங்கத்தின் கோடவுனில் கொண்டுவந்து இறக்குகிறார். ஒவ்வொரு சரக்கிலும் மாதிரி எடுத்துச் சோதனைச் சாலையில் பார்க்கிறார்கள். பிறகு மாதிரிகளை வரிசையாக வைக்கிறார்கள்.

வியாபாரிகள் வருகிறார்கள். ஒருவர் அல்ல, பலர். மாதிரிகளைப் பார்க்கிறார்கள். தங்களுக்குப் பிடித்த சரக்குக்கு விலை எழுதிக் கொடுக்கிறார்கள். இது ரகசிய டெண்டர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது.

யார் அதிக விலை எழுதினாரோ அவருக்குச் சரக்கு. ஆனால் ஒரு நிபந்தனை! சரக்குக்கு உரிய ஆலைக்காரர் அந்த விலைக்குச் சம்மதிக்க வேண்டும். பிடிக்கவில்லையா? "இன்று விற்கவில்லை" என்று சொல்லிவிடலாம். மூட்டை கோடவுனிலேயே பத்திரமாக இருக்கும்.

"சரி, சனிக்கிழமை கூலிக்கு என்ன செய்வது?" என்று கேட்கிறீர்களா?

அங்கேதான் சூட்சுமம்! கோடவுனில் இருக்கும் சரக்கின் பேரில் சங்கம் முன்பணம் கொடுக்கிறது. கூலி கொடுத்தாகிவிட்டது. இனி அவசரம் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு

கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 100 மூட்டை. அவசரத்தில் விற்றால் மூட்டை 3,400 ரூபாய். மூன்று வாரம் பொறுத்து விற்றால் 3,600 ரூபாய்.

வித்தியாசம் மூட்டைக்கு 200. நூறு மூட்டைக்கு 20,000 ரூபாய்.

இடையில் 2 லட்ச ரூபாய் முன்பணம் வாங்கினார். வட்டி ஆண்டுக்கு 100-க்கு 12 என்று வைத்தால், மூன்று வாரத்துக்கு வட்டி ஏறக்குறைய 1,400 ரூபாய்.

20,000-த்தில் 1,400 போனால் 18,600. பொறுமைக்குக் கிடைத்த கூலி இது!

ஆனால் ஒன்று. மூன்று வாரத்தில் விலை ஏறும் என்று எழுதி வைத்தா இருக்கிறது? இறங்கினாலும் இறங்கலாம். அப்போது வட்டியும் நஷ்டம், விலையும் நஷ்டம். ஆகவே சங்கம் லாபத்துக்கு ஜாமீன் கொடுப்பதில்லை. "விற்கலாமா, வேண்டாமா" என்று யோசிக்க அவகாசம் கொடுக்கிறது. ஏழைத் தொழிலுக்கு அந்த அவகாசமே பெரிய சொத்து.

கூரையும் தரையும்

"நாம்தானே உற்பத்தி செய்கிறோம்? எல்லோரும் ஒற்றுமையாக இருந்தால் இஷ்டப்படி விலை வைக்கலாமே" என்று சிலர் நினைக்கலாம்.

முடியாது. விலைக்கு ஒரு தரை உண்டு. ஒரு கூரையும் உண்டு.

தரை எது? கிழங்கு விலை, கூலி, கரண்டு, லாரி வாடகை. அதற்குக் கீழே விற்றால் ஆலையைப் பூட்ட வேண்டியதுதான்.

கூரை எது? துணி ஆலைக்காரரிடம் கேளுங்கள், சொல்வார். மரவள்ளி மாவு அவருக்கு நல்லதுதான். ஆனால் மக்காச்சோள மாவும் இருக்கிறதே! மரவள்ளி மாவு விலை மிகவும் ஏறினால் அவர் சோள மாவுக்குத் தாவிவிடுவார். தாய்லாந்து நாடு உலகத்துக்கே மரவள்ளி மாவு ஏற்றுமதி செய்கிறது. அந்த விலையும் பெரிய வியாபாரிகள் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

சமையல் அறையிலும் இதே கதைதான். ஜவ்வரிசி விலை எட்டாமல் போனால் பாயசத்துக்குச் சேமியா இருக்கிறது!

ஆகவே நல்ல வியாபாரி இரண்டு கேள்வி கேட்பார். "எனக்கு அடக்கம் என்ன?" என்பது ஒன்று. "வாங்குகிறவருக்கு வேறு வழி என்ன?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில்தான் விலை நிற்கும்.

சொந்த வீட்டுப் போட்டி

சங்கத்துக்கும் தொல்லைகள் உண்டு. எல்லா ஆலைகளின் சரக்கும் சங்கம் வழியாக வருவதில்லை. நேராக வியாபாரிக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அதனால் என்ன கெடுதல்? டெண்டரில் 3,600 எழுத வேண்டிய வியாபாரி யோசிக்கிறார். "வெளியே 3,500-க்குக் கிடைக்கிறதே, இங்கே எதற்கு 3,600?" என்கிறார். உள்ளே எழுதும் விலையும் இறங்குகிறது.

ஒரே சரக்கு இரண்டு வழியாகப் போனால், மலிவான வழி மற்ற வழியின் விலையையும் கீழே இழுக்கும். சோப்பு விற்றாலும் சரி, சேலை விற்றாலும் சரி, வியாபார வழிகளை நடத்துகிறவர்களுக்கு ஓயாத தலைவலி இதுதான். ஒரே ஊரில் இரண்டு ஏஜெண்டுகளை வைத்து, இரண்டு பேரும் விலையைக் குறைத்துச் சண்டை போட்டால் கம்பெனிக்கு என்ன மிஞ்சும்?

வெள்ளை மோகம்

இன்னொரு சங்கதி. தூரத்தில் இருந்து வாங்குகிறவர் சரக்கை நாக்கால் பார்ப்பதில்லை. கண்ணால் பார்க்கிறார். "வெள்ளை வெளேர் என்று இருந்தால் உயர்ந்த சரக்கு" என்று நினைத்துவிட்டார்கள்.

விளைவு? வெளுப்புக்கு அதிக விலை. வெளுப்புக்கு விலை வந்ததும் சில ஆலைகளில் வெளுக்க வைக்கும் ரசாயனங்களைச் சேர்த்தார்கள். மக்காச்சோள மாவைக் கலந்ததாகவும் புகார். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆலைகளில் சோதனை போட நேர்ந்தது.

எதற்கு விலை கொடுக்கிறோமோ, அதுதான் நம் வீட்டுக்கு வரும். இதைப் பெண்கள் கவனிக்க வேண்டும். ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாக இருந்தால் கெட்டது என்று தள்ளாதீர்கள். பளீர் வெள்ளைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். உங்கள் சொல், கடைக்காரர் வழியாக, மொத்த வியாபாரி வழியாக, ஆலை வரைக்கும் போகும்.

மலையில் ஒருவர் காத்திருக்கிறார்

தொடக்கத்தில் மலையில் ஒரு விவசாயியை உட்கார வைத்துவிட்டு வந்தோமே, அவரிடம் போவோம்.

ஆலைக்காரருக்குச் சங்கம் இருக்கிறது. கோடவுன் இருக்கிறது. முன்பணம் இருக்கிறது. விவசாயிக்கு?

அவர் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் அல்ல. சங்கம் ஆலைகளுக்கு. கிழங்கு விற்பவருக்கு மூடிய சீட்டும் இல்லை, கோடவுனும் இல்லை.

கோடவுன் கட்டினாலும் பயன் இல்லை! மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கறுத்துக் கெட ஆரம்பிக்கும். இன்று பிடுங்கினால் இன்றே ஏற்ற வேண்டும். நாளையே அரைக்க வேண்டும்.

வேர்க்கடலை, உளுந்து போட்டவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. காயவைத்து மூட்டை கட்டி, உளுந்தூர்ப்பேட்டை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே ஏலம் நடக்கும். விலை பிடிக்காவிட்டால் பொறுக்கலாம்.

கரும்பும் வெட்டினால் காத்திருக்காத சரக்குத்தான். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உண்டு. ஆனால் கரும்புக்கு ஆண்டுதோறும் மத்திய சர்க்கார் விலை அறிவிக்கிறது. அதற்குக் குறைந்து ஆலை வாங்கக் கூடாது. மரவள்ளிக்கு அப்படி ஒரு சட்ட விலை கிடையாது. கலெக்டர் அலுவலகங்களில் விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் சேர்ந்து முத்தரப்புக் கூட்டம் நடத்தி விலை பேசியது உண்டு. பேசிய விலை நிலைக்குமா என்பதுதான் கேள்வி.

பாயிண்டு என்ற பூதம்

கிழங்குக்கு எடை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. அதில் எவ்வளவு மாவு இருக்கிறது என்றும் பார்ப்பார்கள். அதற்குப் "பாயிண்டு" என்று பெயர். தண்ணீரில் கிழங்கை அமிழ்த்தி எடை பார்க்கும் தராசு இருக்கிறது. மாவு நிறைந்த கிழங்கு தண்ணீரிலும் கனத்து நிற்கும். பாயிண்டு ஏறும். நீர்த்த கிழங்குக்குப் பாயிண்டு இறங்கும்.

முறை நியாயமானதுதான். மாவுக்குத்தானே ஆலைக்காரர் பணம் கொடுக்கிறார்? ஆனால் பாயிண்டு பார்ப்பது யார்? வாங்குகிறவர்!

மறுபடியும் ஒரு கணக்கு. பாயிண்டுக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்டு கிழங்கு, டன் 7,000 ரூபாய். அதையே 26 என்று எழுதினால் டன் 6,500. பத்து டன் லாரிக்கு 5,000 ரூபாய் வித்தியாசம்! ஆலை மலைக்குக் கீழே எங்கோ இருக்கிறது. லாரி போய்ச் சேர்ந்துவிட்டது. "என் கிழங்கைத் திருப்பிக் கொடு" என்று கேட்க முடியுமா? திரும்பி வருவதற்குள் கிழங்கே கறுத்துவிடுமே!

தரகர் கெட்டவரா?

உடனே தரகரைத் திட்டாதீர்கள். மலை ஊரில் ஆள் பிடித்துக் கொடுப்பவர் அவர். லாரி கொண்டுவருபவர் அவர். எந்த ஆலை ஓடுகிறது, எது நிற்கிறது என்று தெரிந்தவர் அவர். அவசரத்துக்குப் பணம் கொடுப்பவரும் சில சமயம் அவரே. அவர் இல்லாவிட்டால் அந்த வேலைகளை வேறு யாராவது செய்யத்தான் வேண்டும். அதற்கும் கூலி உண்டு.

தொல்லை எங்கே வருகிறது? ஒரே ஒரு தரகர்தான் என்றால் வருகிறது. அவரிடமே முன்பணம் வாங்கிவிட்டால் வருகிறது. அறுவடைக்கு ஆறு மாதம் முன்பே கை நீட்டிவிட்டவர், அறுவடை நாளில் விலை பேச முடியுமா?

ஹாலந்து நாட்டுக் காலிபிளவர்

காத்திருக்காத சரக்குக்கு விலை கிடைக்கவே கிடைக்காதா? ஹாலந்து நாட்டில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள்.

அங்கே புரூக் ஓப் லாங்கடைக் என்று ஒரு கிராமம். சுற்றிலும் வாய்க்கால். விவசாயிகள் காய்கறியைப் படகில் கொண்டுவருவார்கள். காலிபிளவரும் காத்திருக்காத சரக்குத்தானே?

1887-ல் ஒரு விவசாயி தம் காலிபிளவரை ஒரே வியாபாரியிடம் பேரம் பேசாமல் ஏலம் விட்டார். நல்ல விலை கிடைத்தது. மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள். பிறகு ஏல மண்டபமே கட்டிவிட்டார்கள். படகு மண்டபத்துக்குள்ளேயே மிதந்து வரும். வியாபாரிகள் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பார்கள். விலையை மேலே இருந்து கீழே இறக்கிக்கொண்டே வருவார்கள். முதலில் நிறுத்துகிறவருக்குச் சரக்கு. சில நொடியில் வியாபாரம் முடிந்துவிடும்!

இன்றும் அந்த நாட்டில் பூக்களை விற்கும் பெரிய ஏலச் சங்கம், பூ வளர்ப்பவர்களுக்கே சொந்தமான கூட்டுறவு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சரக்கு காத்திருக்காது என்றால், வாங்குகிறவர்களைக் காத்திருக்க வைக்க வேண்டும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்றால் சரக்கு கெடுவதற்குள் விலை வந்துவிடும். ஆலைக்காரர்களுக்குச் சேலத்தில் கிடைத்தது அதுதான். கிழங்குக்காரர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

என்ன செய்யலாம்?

பெரிய ஏற்பாடு வரும்போது வரட்டும். அதுவரை சும்மா இருக்க வேண்டுமா?

ஒன்று: மண்தான் மரவள்ளியின் கோடவுன்! முற்றிய கிழங்கைப் பிடுங்காமல் சில வாரம் விட்டு வைக்கலாம். ஆனால் ரொம்ப நாள் விட்டால் நார் பாயும், மாவு குறையும். எல்லோரும் ஒரே மாதத்தில் நட்டு ஒரே மாதத்தில் பிடுங்கினால் விலை விழும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் பாதி நிலத்தில் முன்னும் பாதி நிலத்தில் பின்னும் நடலாம்.

இரண்டு: பிடுங்குவதற்கு முன் விலை கேளுங்கள். பிடுங்கிய பிறகு கேட்பது பேரம் அல்ல, கெஞ்சல். கையில் செல்போன் இருக்கிறது. மூன்று ஆலைக்காவது பேசுங்கள்.

மூன்று: பாயிண்டு பார்க்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். எழுதிய சீட்டை வாங்குங்கள். பத்து விவசாயிகள் பணம் போட்டு ஒரு தராசு வாங்கி ஊரிலேயே பார்த்துவிட்டு ஏற்றினால், கீழே போனதும் யாரும் இரண்டு பாயிண்டைக் கொறிக்க முடியாது.

நான்கு: கூடி விற்பது. 2002-ல் வந்த சட்டத் திருத்தத்தால் விவசாயிகளே உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கலாம். ஒரு விவசாயியின் அரை லாரிக் கிழங்கை எந்த ஆலையும் தேடி வராது. ஐம்பது லாரிக் கிழங்கு ஒரே கையில் இருந்தால் தேடி வரும்!

ஐந்து: காயவைப்பது. கிழங்கை வில்லையாகச் சீவி நன்றாகக் காயவைத்தால் மாதக் கணக்கில் இருக்கும். ஆனால் வெயில் வேண்டும், களம் வேண்டும், முக்கியமாக வாங்க ஆள் வேண்டும். ஆள் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே சீவ வேண்டும்.

நல்ல ரகமும் முக்கியம். பாயிண்டு ஏறுவது ரகத்திலும் இருக்கிறது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் இருந்து சேலம் போகும் சாலையில், ஆத்தூரைத் தாண்டினால் ஏத்தாப்பூர் பக்கம்தான். போய்க் கேட்டால் சொல்வார்கள்.

மீண்டும் களமருதூர்

இப்போது களமருதூர்க் கடைக்குத் திரும்புவோம். "சேலத்திலேயே ஏறிப்போச்சு" என்றாரே கடைக்காரர், அவர் பொய் சொல்லவில்லை. வடக்கே விரத காலம் வந்திருக்கும். டெண்டரில் விலை ஏறியிருக்கும்.

அந்த ஏற்றம் மலைக்குப் போய்ச் சேரவில்லையே, ஏன்? அந்த விவசாயி இரண்டு மாதம் முன்பே பழைய விலைக்கு ஒப்புக்கொண்டிருப்பார். அல்லது ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் பிடுங்கி, கிழங்கு குவிந்திருக்கும். விலை ஏறும் செய்தி கடைக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது. மலைக்குப் போகும்போது மட்டும் நொண்டிக்கொண்டு போகிறது.

விலையைச் சொல்வது யார் என்று கேட்டோம். காத்திருக்க முடிந்தவர். நாலு பேரிடம் சரக்கைக் காட்ட முடிந்தவர். தராசு முள்ளைத் தாமே பார்க்க முடிந்தவர்.

சேலத்து ஆலைக்காரர்கள் ஒரு காலத்தில் இந்த மூன்றும் இல்லாமல் தவித்தவர்கள்தான். சேர்ந்தார்கள், பெற்றார்கள். மலையில் உட்கார்ந்திருக்கும் விவசாயியும் எழுந்து பக்கத்துக் காட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும்.

"மாமா, உங்க கிழங்கும் முத்திப் போச்சா? அவசரப்பட்டுப் பிடுங்காதீங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்தே விலை கேட்போம்!"